ஹம்ப்டா கணவாய் ட்ரெக்: கூடார நாட்களில் தண்ணீரில் கழுவ என்ன வழி?

கோவை_நடையன்:

வணக்கம். ஜூன் கடைசி வாரம் நாங்கள் ஆறு பேர் (நாலு ஆண், ரெண்டு பெண்) மணாலியிலிருந்து ஹம்ப்டா கணவாய் போகிறோம். ஜோப்ரா, சிக்கா, பாலு கா கேரா, கணவாய், ஷியா கோரு, சத்ரு என்று வழக்கமான பாதைதான். நாலு இரவு கூடாரம். முகாமில் ட்ரெக் நடத்துகிறவர்கள் குழி தோண்டி, மேலே ஒரு கழிப்பறைக் கூடாரம் போட்டுத் தருவார்களாம். ஆனால் "டிஷ்யூ பேப்பர் மட்டும்தான், உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

எங்களில் யாருக்கும் பேப்பர் பழக்கமில்லை. வெறும் பேப்பரில் துடைத்துவிட்டு எட்டு மணி நேரம் நடந்தால் அரிப்பும் உராய்வும் வந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. கேள்விகள் இவைதான். ஒரு தடவைக்குக் குறைந்தது எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பனி உருகி வரும் தண்ணீரில் கழுவ முடியுமா? நடுவழியில் அவசரம் வந்தால் என்ன செய்வது? கையை எப்படிச் சுத்தம் செய்வது? பெண்களுக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்? ஈரத்துடைப்பான் (வெட் வைப்ஸ்) மட்டும் எடுத்துப் போனால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், சரியா?

பழைய_கூடாரம்:

தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் குழி இரண்டு மூன்று அடி ஆழம்தான். இருபது பேர் ஆளுக்கொரு சொம்பு ஊற்றினால் மண்ணால் உறிஞ்ச முடியாது. குழி சேறாகும், காற்றுப் புகாமல் அழுகும், நாற்றமும் ஈயும் சேரும், அடுத்து உட்காருகிறவர் மேல் தெறிக்கும். மண்ணோ தென்னை நார்த்தூளோ போட்டு உலர்வாக வைத்திருந்தால்தான் அது தாங்கும்.

ஆனால் ஒரு சொம்பு வேறு, கால் லிட்டர் வேறு. "ஆளுக்கு 250 மில்லிக்கு மேல் போகமாட்டோம், முடித்ததும் ரெண்டு கரண்டி மண் கூடுதலாகப் போடுவோம்" என்று வழிகாட்டியிடம் முதல் நாளே பேசுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கூடாரத்துக்குள் பேப்பரோடு முடித்துக்கொண்டு, கழுவுவதை மட்டும் ஓடையிலிருந்து தள்ளி ஒரு சின்னக் குழியில் செய்யுங்கள். சொல்லாமல் உள்ளே ஊற்றுவது மட்டும் வேண்டாம். அந்தக் குழியை மூடுகிற பையன்தான் அவதிப்படுவான்.

வீட்டில் குழாய்க்கடியில் ஒரு லிட்டருக்கு மேல் செலவாகிறது. தண்ணீர் பீய்ச்சி வந்தால் அதில் கால்வாசியே போதும். எனவே முக்கியமான சாமான் பாட்டில் மூடிதான்.

ஆறேழு வருடமாக ஆன்லைனில் சிலிக்கான் வளையம் வைத்த பீய்ச்சு மூடிகள் கிடைக்கின்றன. பல பாட்டில்களில் அழுத்திச் செருகலாம். வாங்க வேண்டாம் என்றால் நீங்களே செய்துகொள்ளலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், மெல்லிய பிளாஸ்டிக்காக, கையால் அழுத்தினால் ஒடுங்குகிற வகையாக இருக்க வேண்டும். அதன் மூடியில் கோணி ஊசியைச் சூடாக்கி ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். சுமார் 2 மில்லிமீட்டர். தையல் ஊசி ஓட்டை மெல்லிசாகிவிடும், நிமிஷக் கணக்கில் பிதுக்க வேண்டியிருக்கும். 5 மில்லிமீட்டர் ஆனால் கொட்டுமே தவிர பீய்ச்சாது. மூன்று நாலு ஓட்டை போட்டுப் பூவாளி மாதிரி செய்கிறவர்கள் உண்டு. வேகம் போய்விடும், தண்ணீர்தான் வீண். ஓட்டல் மேசையில் சிவப்பு சாஸ் வைத்திருப்பார்களே, அந்தப் பிதுக்குப் பாட்டிலும் அருமையாக வேலை செய்யும். மூக்கு நுனியை 3 மில்லிமீட்டர் அகலம் வரும்படி நறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்டீல் பாட்டில் இதற்கு உதவாது, அழுத்த முடியாது.

இனி வரிசை. இந்த வரிசை பிசகினால்தான் அழுக்கு உடுப்பிலும் ஜிப்பிலும் ஏறுகிறது.

உட்காரும் முன்பே எல்லாம் வலது பக்கம் தயாராக இருக்க வேண்டும்: ஓட்டை மூடி போட்ட பாட்டில், கிழித்து வைத்த ரெண்டு மூன்று பேப்பர், துடைக்கும் துணி தோளில். குளிருக்கு உள்ளே தெர்மல், மேலே பேன்ட் என்று ரெண்டு மூன்று அடுக்கு இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து முழங்கால் வரை இறக்கி, பின்பக்க இடுப்புப் பட்டையை முன்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். நனைவது எப்போதும் அந்தப் பட்டைதான்.

முதலில் பேப்பரால் துடைத்துவிடுங்கள். இதைத் தவிர்த்தால் தண்ணீர் இரண்டு பங்காகும், கையிலும் அதிகம் படும். பிறகு வலது கையில் பாட்டில். கை படாமல் முதல் 100 மில்லியைப் பீய்ச்சுங்கள், அரைச் சாண் தூரத்திலிருந்து. அடுத்த 100 மில்லிக்கு இடது கை. கடைசி 50 மில்லியை இடது விரல்கள் மேலேயே, குழிக்குள் விழும்படி ஊற்றுங்கள். மொத்தம் 250. வயிறு சரியில்லாத நாளில் 400, 500 ஆகும்.

ஒரு நுணுக்கம்: அழுத்திய பாட்டிலைக் கவிழ்த்த நிலையிலேயே விட்டால் அது காற்றோடு வெளியிலிருக்கும் அழுக்குத் துளியையும் ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் வாயை மேல்நோக்கித் திருப்பி, காற்று நிரம்பியபின் மறுபடி கவிழுங்கள். வீட்டுக் குளியலறையில் நாலு நாள் பழகினால் கை தானாகச் செய்யும். பழகாமல் மலைக்குப் போனால் முதல் நாள் சாக்ஸ் நனையும்.

கழுவியபின் ஈரத்தை ஒற்றி எடுப்பது கட்டாயம். நம் ஆட்கள் விடுகிற தவறு இதில்தான். ஈரத்தோடு பேன்ட்டை ஏற்றிவிட்டு நடந்தால் இரண்டு மணி நேரத்தில் இடுக்கில் தோல் வழன்றுவிடும். பழைய வேட்டித் துணியை ஒரு சாண் சதுரமாக நாலு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். குளியல் துண்டை விட அது சீக்கிரம் காயும். பையின் வெளிப்புறம் ஊக்கு குத்தித் தொங்கவிட்டால் மலை வெயிலிலும் காற்றிலும் உலர்ந்துவிடும். மழை பிடித்தால் துணியை நம்பாதீர்கள், பேப்பரால் ஒற்றுங்கள்.

அந்தப் பாட்டிலுக்கு ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். அதைக் குடிக்க எடுத்துவிடக் கூடாது.

கோவை_நடையன்:

அண்ணா, மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் பற்றிச் சொல்லவில்லையே? நாங்கள் அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறோம்.

பழைய_கூடாரம்:

பனி ஓடைத் தண்ணீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும், அவ்வளவுதான். தோல் மரத்துப்போவதால் சுத்தமாகிவிட்டதா என்று தெரியாது. அவசரமாக முடித்துவிடுவோம். சிக்கல் அதுதான், மற்றபடி உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையல் கூடாரத்தில் அரை டம்ளர் சுடுதண்ணீர் கேட்டுப் பச்சைத் தண்ணீரோடு கலந்து பாட்டிலில் நிரப்புங்கள். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். இந்தப் பாட்டில் பிளாஸ்டிக் 70 டிகிரிக்கு மேல் இளகிச் சுருங்கும். கழுத்து கோணினால் மூடி மரை பிடிக்காது. ஓட்டை இல்லாத மூடியைப் போட்டு இறுக்கி, ஒரு சாக்ஸில் நுழைத்து, தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வையுங்கள். ராத்திரி கால் குளிருக்கு ஒத்தடம் ஆகும். காலையில் உடல்சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். எழுந்தபின் மூடியை மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டை மூடியோடு பைக்குள் வைத்தால் தூங்கும் பை நனைந்து, அந்த ராத்திரி குளிரில் தூக்கம் போகும். ஆபத்தும்கூட. ரெண்டு மூடி என்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மண்ணும்_மலையும்:

நடுவழி பற்றிய கேள்விக்கு. சிக்காவுக்கும் பாலு கா கேராவுக்கும் நடுவில் கழிப்பறைக் கூடாரம் கிடையாது. கணவாய் கடக்கும் நாள் எட்டு முதல் பத்து மணி நேர நடை. அன்றைக்குக் கட்டாயம் தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குல்லு பக்கத்தில், அதாவது கணவாய்க்கு முன்பு, மண்ணும் புல்லும் இருக்கும் இடத்தில் பூனைக்குழி முறை (சின்னக் குழி தோண்டி, போய்விட்டு மண்ணால் மூடுவது) போதும். ஓடை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப் போங்கள். சாதாரண நடையில் 80 காலடி. எண்ணி நடங்கள், கண்ணால் அளந்தால் எல்லோருக்கும் 30 மீட்டரே 60 ஆகத் தெரியும். பள்ளத்தாக்கு ஒடுங்கிய இடத்தில் ஓடையை ஒட்டி நடக்காமல் சரிவில் மேலே ஏறுங்கள். மழை வடிகிற பள்ளமாக இருக்கக் கூடாது. காய்ந்து கிடந்தாலும் அது ஓடைதான், ஜூலையில் ஓடும்.

குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம், ஒரு கை விரித்த அகலம். அதற்கு ஏன் இந்த அளவு என்றால், மட்கச் செய்கிற நுண்ணுயிர் பெரும்பாலும் மேல் மண்ணில்தான் வாழ்கிறது. ஆழம் குறைந்தால் மழை அரித்து வெளியே கொண்டுவரும், முகாம் நாய்கள் தோண்டும். இந்தப் பாதையில் ஆட்டிடையர் நாய்கள் உண்டு. ரொம்ப ஆழமானால் உயிருள்ள மண்ணைத் தாண்டிவிடுவோம், மட்காமல் கிடக்கும். புல்தரையாக இருந்தால் முதலில் புல்லை வேரோடு ஒரு பலகை மாதிரிப் பெயர்த்து ஓரமாக வையுங்கள், முடிந்ததும் அப்படியே திரும்பப் பதியுங்கள். அந்த உயரத்தில் பிய்ந்த புல் மறுபடி மூட வருஷங்கள் பிடிக்கும். தோண்டுவதற்குத் தோட்டத்துக் கைக்கரண்டி போதும். நடைக்குச்சி முனையால் கிளறினால் ஆழமே வராது. கரண்டி மலத்தில் படக் கூடாது. ஒரு குச்சியால் மண்ணோடு கிளறிவிட்டு, குச்சியைக் குழியிலேயே போட்டு மூடி, மேலே ஒரு கல்.

சரிவில் உட்காரும்போது முகம் பள்ளத்தைப் பார்க்காமல் மேட்டைப் பார்க்கட்டும், குழி உங்களுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் ஊற்றுகிற தண்ணீர் செருப்புக்கடியில் வராது. வேர் அல்லது பதிந்த பாறை ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டால் குதிகால் தரையில் படாதவர்களும் விழமாட்டார்கள்.

மேலே அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதெல்லாம் கணவாய்க்கு இந்தப் பக்கம்தான். ஏறி இறங்கினால் லாஹுல். மழை மறைவுப் பகுதி. ஷியா கோருவில் கல்லும் சரளையும்தான், ஜூனில் பனியும் கிடக்கும். மண் இல்லாத இடத்தில் புதைத்தது மட்காது, காய்ந்து அப்படியே இருக்கும். பனியில் புதைத்தால் பனி உருகும்போது நேராக ஓடையில் சேரும். அந்த ஓடையில்தான் கீழே சத்ருவில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆகவே கணவாய் நாளுக்கு மட்டும், மலத்தைத் திருப்பி எடுத்துவர, ஆளுக்கு ரெண்டு பை கொண்டு போங்கள்.

வெளிநாட்டு மலைகளில் இதற்கென்று ஈரத்தைக் கூழாக்கும் பொடி போட்ட பைகள் விற்கிறார்கள். எவரெஸ்ட் பகுதியில் 2024-இலிருந்து அடிவார முகாமுக்கு மேலே போகிறவர்கள் தங்கள் மலத்தைப் பையில் கீழே கொண்டுவர வேண்டும் என்று உள்ளூராட்சி விதி போட்டது. அந்தப் பையை வீட்டிலேயே செய்யலாம். தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையின் அடியில் ஒரு டயப்பரை விரித்து வையுங்கள். டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட்தான் அந்தப் பொடியிலும் பெரும்பாலும் இருப்பது. ஈரத்தை இழுத்துக் கூழாக்கிவிடும். பையின் வாயை ரெண்டு கல்லுக்கு நடுவில் விரித்து, உட்கார்ந்து, ஒரு கரண்டி ஆப்ப சோடா தூவி முடிச்சுப் போடுங்கள். அதை ஒரு ஜிப்லாக் பையில், அதை இன்னொன்றில். முதுகுப்பையின் வெளியில், சாப்பாட்டுச் சாமானோடு சேராத இடத்தில் தொங்கவிடுங்கள். அந்த மலப்பைக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கூழ் தாங்காது. அங்கே பேப்பரால் துடைத்துவிட்டு, 60 மீட்டர் விதி பார்த்துச் சரளையில் 100 மில்லியோடு முடித்துக்கொள்ளுங்கள். மணாலி திரும்பியதும் டயப்பர் போலக் காகிதத்தில் சுற்றிக் குப்பை எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுங்கள். கழிப்பறையில் கொட்டினால் அந்தக் கூழ் குழாயை அடைக்கும்.

ஈரத்துடைப்பான் கேள்விக்கு நேர் பதில்: போதாது, குழியிலும் போடக் கூடாது. பெரும்பாலானவை பாலியெஸ்டர் கலந்த துணி. பார்க்கப் பேப்பர் மாதிரி இருந்தாலும் வருஷக்கணக்கில் கிடக்கும். கணவாய் நாளுக்கு ஆளுக்கு மூன்று நாலு வைத்துக்கொள்ளலாம், எடுத்துப்போனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். காய்ந்த தேயிலைச் சக்கையை ஒரு பிடி பையில் போட்டால் வாடை அடங்கும். சாதாரண டிஷ்யூவும் கூடுமானவரை இப்படித் திரும்பி வருவதே நல்லது. எரிக்காதீர்கள். காய்ந்த புல்லில் பற்றிக்கொண்டால் கட்டுப்படுத்த முடியாது.

இலை பற்றி யாராவது கேட்பார்கள், அதற்கும் சேர்த்து: முகாம்களைச் சுற்றி அடர்த்தியாக வளர்கிற, பல்போன்ற விளிம்புள்ள செடியைத் தொடாதீர்கள். அது காஞ்சொறி இனம், அங்கே பிச்சு காஸ் என்பார்கள், தேள் புல் என்று பொருள். ஆட்டுப்புழுக்கை உரம் உள்ள இடத்தில்தான் செழிக்கும். ஆகவே முகாம் ஓரத்தில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

குறிஞ்சித்தேன்:

பெண்கள் சார்பில் எழுதுகிறேன். மேலே சொன்ன வரிசையில் ஒரு மாற்றம். பாட்டிலைப் பின்னாலிருந்து ஊற்றினால், முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் முன்புறம் வழியும். நமக்கு அது ஆகாது, சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே வழி. பாட்டிலை முன்னாலிருந்து, தொடைகளுக்கு நடுவில், பின்னோக்கிப் பீய்ச்சுங்கள். துடைப்பதும் முன்னிருந்து பின்னாகவே.

சிறுநீருக்கு ஒவ்வொரு தடவையும் தண்ணீரும் பேப்பரும் தேட முடியாது. அதற்கென்று தனி நிறத்தில் ஒரு பருத்திக் கைக்குட்டை வையுங்கள். ஒற்றி எடுத்துப் பையின் வெளியே வெயில் படும்படி மாட்டுங்கள், ராத்திரி சோப்புப் போட்டு அலசுங்கள். இதற்கும் மலம் கழுவியபின் ஒற்றுகிற துணிக்கும் நடுவில் குழப்பமே வரக் கூடாது, ஆகவே நிறம் முக்கியம். கழிப்பறை தேட வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெண்கள் செய்கிற பெரிய தவறு. உயரத்தில் அது தலைவலியையும் மலச்சிக்கலையும் தொற்றையும் சேர்த்தே கொண்டுவரும்.

பாலு கா கேராவுக்கு மேலே மரமே இல்லை, மறைவும் இல்லை. ஒரு லுங்கியோ அகலமான பழைய பாவாடையோ கொண்டுபோங்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சுற்றிலும் திரை. குடை பிடித்துக்கொள்வதும் உண்டு, ஆனால் காற்றடித்தால் ஒரு கை அதற்கே போய்விடும். லுங்கிதான் மேல். போகும்போது தோழியிடம் சொல்லிவிட்டு, விசில் கழுத்தில் போட்டுக்கொண்டு போங்கள்.

மாதவிடாய் தேதி அந்த வாரத்தில் வருகிறதா என்று பாருங்கள். உயரத்தாலும் களைப்பாலும் தேதி முன்பின் ஆகும், வராது என்று நம்பிப் போக வேண்டாம். நாப்கினைக் குழியிலோ கழிப்பறைக் கூடாரத்திலோ போடவே கூடாது, அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றி, ஜிப்லாக்கில் போட்டு, அதை வெளியே தெரியாத ஒரு துணிப்பையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மாதவிடாய் கப் பயன்படுத்துகிறவர்களுக்கு 12 மணி நேரம் வரை தாங்கும், சுமையும் இல்லை. ஆனால் அதை முதல்முறையாக இந்த ட்ரெக்கில் முயலாதீர்கள். குறைந்தது ரெண்டு மாதச் சுழற்சி வீட்டில் பழகியிருக்க வேண்டும். கப்பில் கை வைக்கும் முன்பு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிட்டைசர் ஈரம் விரலில் இருந்தால் கடுமையாக எரியும். கப்பைக் குடிக்கிற தரமுள்ள தண்ணீரால் மட்டும் அலசுங்கள், ஓடைத் தண்ணீர் வேண்டாம்.

கோவை_நடையன்:

தோழிகள் இருவரிடமும் அனுப்பிவிட்டேன், நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி. முகாமில் ஓடை பக்கத்திலேயே ஓடும். கை மட்டும் அதில் கழுவலாமா? மட்கும் சோப்பு என்று எழுதியிருப்பதைத்தான் வாங்கியிருக்கிறோம்.

செவிலி_தென்காசி:

கூடாது. மட்கும் சோப்பு என்பது மண்ணில் போய்ச் சேர்ந்தால் மட்கும் என்ற அர்த்தம்தான். ஓடையில் அது நுரையாகவும் வேதிப்பொருளாகவுமே ஓடும். பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து வந்து, 60 மீட்டர் தள்ளி, மண்ணில் ஊற்றிக் கழுவுங்கள்.

இந்த இழையில் எல்லோரும் பின்புறத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். மலையில் வயிற்றுப்போக்குக்குப் பெரிய காரணம் கைதான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீரில் கழுவுகிறவர்களுக்குப் பின்புறம் சுத்தமாகிவிடும், அழுக்கு முழுக்க இடது கை நகத்துக்குள் போய்விடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கழுவி முடித்த நிமிஷத்திலிருந்து சோப்புப் போடும்வரை இடது கை எதையும் தொடக் கூடாது. ஜிப், கூடாரக் கயிறு, பாட்டில் மூடி எதுவும். பேன்ட்டை வலது கையால் ஏற்றப் பழகுங்கள்.

சோப்புக்கு, கண் மருந்துப் புட்டி அளவு 30 மில்லி சொட்டுப் புட்டியில் திரவ சோப்பு ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு நாலைந்து சொட்டு போதும், ஒருவருக்கு ஐந்து நாளைக்கும் அதுவே தாராளம். பேப்பர் சோப்பு எடுத்துப்போகிறவர்கள் ஈரக்கையை அந்த டப்பாவுக்குள் விட்டால் எல்லாத் தாளும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். உட்காரப் போகும் முன்பே, கை உலர்ந்திருக்கும்போது, ஒரு தாளைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

ஊற்றிவிட ஆள் இல்லையென்றால் ஓட்டை மூடி பாட்டிலைக் கவிழ்த்து அக்குளில் இடுக்கி, மேல்கையால் அமுக்குங்கள். ரெண்டு கைக்கும் தண்ணீர் விழும். 20 விநாடி தேய்க்க வேண்டும். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண். 150 மில்லியில் முடிந்துவிடும்.

சானிட்டைசர் இதற்கு மாற்று ஆகாது. 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளது பல பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ எண்ணெயோ இருந்தால் உள்ளே போகாது. வாந்திபேதி தருகிற நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது, பேதி தருகிற கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு ஒன்றுமே ஆகாது. சோப்பும் தண்ணீரும் அவற்றைக் கொல்லாவிட்டாலும் உரித்துக் கழுவித் தள்ளிவிடுகின்றன. சோப்புக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன்பு, கூடுதல் பாதுகாப்பாகச் சானிட்டைசர் போடுங்கள். போட்டுக் காய்ந்தபின்தான் அடுப்புப் பக்கம் போக வேண்டும், அது எளிதில் தீப்பிடிக்கும்.

ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி பற்றியும் தெரிந்திருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் அதன் கூடுகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். பத்துக் கூடு உள்ளே போனாலே நோய் வரலாம். அறிகுறி ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்தபின் ஏப்பமும் கொழுப்பு மிதக்கிற பேதியும் வந்தால், ட்ரெக் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஓட்டல் சாப்பாட்டைக் காரணமாக்கிவிடுவார்கள். குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பதுதான் இதற்கு உறுதியான வழி. 2,000 மீட்டருக்கு மேலே நன்றாகக் கொதி வந்தபின் 3 நிமிடம் விடுங்கள்.

கடலை, பேரீச்சை, பொரிகடலைப் பொட்டலத்தை ஆறு பேரும் கைவிட்டு எடுக்காதீர்கள். பொட்டலத்தைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் வயிறு கெட்டால் ஆறு பேருக்கும் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பேதி வந்தால், ஒரு லிட்டர் அளவு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு நாலு வைத்திருங்கள். பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துக் கண்ணளவில் கலக்காதீர்கள், உப்பு அளவு மாறிவிடும். முழுப் பொட்டலம், முழு லிட்டர். அது இல்லாமல் போனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ கணவாய் ஏற வேண்டாம், கீழே இறங்குங்கள்.

தோலுக்கு: அடிக்கடி கழுவ நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஒற்றி உலர்த்தியபின் பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லதுதான், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய்ப் புட்டியில் எடுத்துப்போனால் மலையில் ஒரு துளி வெளியே வராது. அகன்ற வாய்ச் சின்ன டப்பியில் போட்டால் விரலால் வழித்து எடுக்கலாம். புண்ணான தோலில் சானிட்டைசர் படவே கூடாது.

கோவை_நடையன்:

எல்லாவற்றையும் அச்செடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: ட்ரெக் நடத்துகிறவர்கள் கொண்டுவருகிற ஒரே சாமான் டிஷ்யூதான். முகாமில் எல்லோருக்கும் பொதுவாகக் கைகழுவ ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா?

பழைய_கூடாரம்:

முடியும், அரை மணி நேர வேலை. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று கேட்டு வாங்குங்கள், சமையல் கூடாரத்தில் காலியாக இருக்கும். மூடிக்குக் கொஞ்சம் கீழே கோணி ஊசியால் ரெண்டு ஓட்டை. கேனின் கைப்பிடியில் கயிறு நுழைத்து ரெண்டு நடைக்குச்சிக்குக் குறுக்கே கட்டிய கம்பில் தொங்கவிடுங்கள். கழுத்தில் இன்னொரு கயிறு கட்டி, மறுமுனையில் ஒரு குச்சி, அதுதான் மிதி. மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். யாருடைய கையும் கேனில் படாது. சோப்பை ஒரு பழைய சாக்ஸில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், தரையில் வைத்தால் மண் ஒட்டும், காணாமலும் போகும். கீழே சேறாகாமல் இருக்கச் சரளை ஒரு கூடை. கழிப்பறைக் கூடாரத்திலிருந்து சமையல் கூடாரத்துக்கு வருகிற வழியில் வையுங்கள். ஓரமாக வைத்தால் யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

காலையில் கேனில் தண்ணீர் உறைந்திருந்தால் ராத்திரியே காலி செய்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ஷியா கோருவில் அதைச் செய்துவிடுங்கள்.